கொப்புளிப்பான் வைரஸ் கலத்துக்குள் நுழைவது எப்படி?

பெரகலப் பக்கத்துத் தோட்ட லயன்களில் ஒரு காம்பராவில் கொப்புளிப்பான் கண்டால், வாசலில் வேப்பிலை செருகியும் அடுத்த காம்பராவுக்குப் பரவிவிடுகிறது. காற்றில் வரும் அந்த வைரஸ் ஹெர்பீஸ் குடும்பத்தது. அதன் கொழுப்புறையில் துருத்தி நிற்கும் சர்க்கரைப் புரதங்களில் எது கலத்துக்குள் நுழைய வைக்கிறது என்று கேட்பதே பிழை என்பேன். நுழைவது ஒரு கூட்டின் வேலை. உதட்டுப் புண் தரும் ஹெர்பீஸில் ஜிடி என்ற புரதம் கலத்தின் நெக்டின்-1 போன்ற ஏற்பியைப் பற்றி உருமாறுகிறது; அது ஜிஎச்-ஜிஎல் என்ற புரத இணையை உசுப்ப, இணை ஜிபி என்ற புரதத்தைத் தூண்டுகிறது. மூன்று இழைகள் சேர்ந்த ஜிபி, நீரை வெறுக்கும் தன் நுனிகளைக் கலச்சவ்வில் செருகி, கொண்டையூசிபோல் மடிந்து, இரு சவ்வுகளையும் இழுத்து ஒட்டவைக்கிறது. 2006இல் வெளியான அதன் படிக அமைப்பில் தெரிந்தது இந்த மடிந்த உருவமே.

கொப்புளிப்பான் வைரஸில் ஜிடியே இல்லையே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ஜிபியும் ஜிஎச்-ஜிஎல்லும் அதிலும் உண்டு; ஆய்வகத்தில் இவற்றை மட்டும் கலங்களில் உண்டாக்கினாலே அந்தக் கலங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. கொப்புளத்தின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் பலகருக் கலங்கள் அந்தக் கலப்பில் பிறந்தவை. ஆகவே ஏற்பியைப் பற்றும் புரதம் வைரஸுக்கு வைரஸ் மாறுகிறது, சவ்வை இணைக்கும் கூட்டு மாறுவதில்லை. ஜிபி மட்டும் போதாதா என்றால், போதாது: ஒருமுறை மடிந்த ஜிபி பழைய நிலைக்குத் திரும்பாது, கலத்தைத் தொடுமுன் மடிந்துவிட்டால் அது வீண்; அதனால்தான் தக்க நேரத்தில் தூண்ட ஜிஎச்-ஜிஎல் வேண்டும்.