சட்டைக்கு டெய்லர் இருக்கிறார்... ஷூவுக்கு?

ஒரகடம் ரோட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிறவர், ஏறுகிறவர் எல்லோருடைய காலிலும் ஒரே மாதிரி கறுப்பு சேஃப்டி ஷூ. எட்டு மணி நேரம் அதற்குள்ளேயே இருந்த கால், வீட்டு வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை உதறத்தான் பார்க்கும்.

என் அக்கா மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். டிப்ளமோ முடித்துவிட்டு நான்கு வருடமாக அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. தை மாதம் கல்யாணம். ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தவன் என்னிடம் கேட்டான்.

"மாமா, ஷூவையும் காலுக்கு அளவெடுத்தே செஞ்சுக்கலாமான்னு பார்க்கிறேன். நல்லா டிரஸ் பண்ற ஆம்பளைக்கு கஸ்டம் ஷூ ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்னு ரீல்ஸ்ல எல்லாம் சொல்றாங்க."

"இப்ப போடற ஷூவுக்கு என்ன குறை?"

"எட்டு வாங்கினா பக்கத்துல கடிக்குது. ஒன்பது வாங்கினா குதிகால் கழண்டு வருது. முன்னாடி பஞ்சு வச்சுதான் ஓட்டறேன்."

இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. உங்கள் வீட்டிலும் பஞ்சு வைத்த ஷூ ஒன்று இருக்கலாம்.

குறை காலில் இல்லை

நம் கடைகளில் ஷூவின் மேல் போட்டிருக்கும் 7, 8, 9 என்ற எண்கள் இங்கிலாந்து அளவு. வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த கணக்கு இன்னும் போகவில்லை. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம்.

நீளத்துக்குத்தான் இந்த எண். அகலத்துக்குத் தனியாக எழுத்து உண்டு. ஆண்கள் ஷூவில் 'எஃப்' என்றால் சாதாரண அகலம், 'ஜி' என்றால் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலான கடைகளில் இந்த எழுத்தைக் கேட்கிறவரும் இல்லை, சொல்கிறவரும் இல்லை. அகலம் போதாதவர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்கிறார். பக்கவாட்டில் இடம் கிடைக்கிறது, கூடவே வேண்டாத நீளமும் வந்துவிடுகிறது. பஞ்சு அதற்குத்தான்.

சென்னை அடையாறில், 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்பது அதில் தெரிந்தது. இதை வைத்து, பாரதத்தின் முதல் எழுத்தைக் கொண்டு 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள் கொண்டது அது.

ஆக, என் மருமகன் கால் கோணல் இல்லை. வேறு யாருடைய காலையோ மனதில் வைத்துச் செய்த ஷூவுக்குள் அவன் நுழையப் பார்க்கிறான்.

இன்னொரு விஷயம். காலணி செய்வதைப் பாடமாகவே சொல்லித்தரும் மத்திய அரசின் காலணி வடிவமைப்பு நிறுவனத்தின் சென்னை வளாகம், இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில்தான் இருக்கிறது. கார் கம்பெனியைத் தெரிந்த அளவுக்கு இது பலருக்குத் தெரியாது.

'கஸ்டம்' என்றால் மூன்று வகை

கஸ்டம் ஷூ என்று விளம்பரம் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொருளை விற்பதில்லை. பணம் கொடுக்கும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் தோல், நிறம், அடிப்பாகம் உங்கள் விருப்பம். ஆனால் ஷூவை வடிக்கும் அச்சு, அதாவது தொழிலில் 'லாஸ்ட்' என்று சொல்லும் கால் வடிவக் கட்டை, கடையில் ஏற்கெனவே இருப்பதுதான். எட்டு கடிக்கிறவருக்கு, அதே அச்சில் செய்த அழகான பழுப்பு நிற எட்டும் கடிக்கும்!

இரண்டாவது வகையில், இருக்கிற அச்சில் உங்கள் காலுக்கு ஏற்ப அங்கங்கே கூட்டிக் குறைப்பார்கள்.

மூன்றாவதுதான் அசல். இரண்டு காலையும் காகிதத்தில் வரைந்து, விரல் மூட்டு, மேற்பாதம், குதிகால் என்று சுற்றளவு எடுத்து, உங்களுக்கென்றே தனி அச்சு செதுக்குவார்கள். நடுவில் போட்டுப் பார்த்துத் திருத்தங்களும் நடக்கும். லண்டனின் பழைய கடைகளில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலை நம் பணத்தில் லட்சங்களில். இங்கே அவ்வளவு ஆகாது என்றாலும், அச்சு செதுக்கத் தெரிந்த கைகள் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஷூவுக்குப் பெயர் போன ஊர்கள் நம்மிடம் இருந்தாலும், அங்கே பெரும்பாலும் நடப்பது ஏற்றுமதிக்கான மொத்தத் தயாரிப்பு.

நம் ஊருக்கு எவ்வளவு தேவை?

நம் ஊரில் ஷூவின் ஆயுளில் பாதி வாசலில்தான் கழிகிறது. வீட்டுக்குள் போட முடியாது, கோயிலுக்குள் முடியாது, சாப்பாட்டுப் பந்தியில் பலரும் போடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு லட்ச ரூபாய் ஷூவோடு போனால், ராமானுஜரைச் சேவிக்கும்போதும் மனம் வாசலில்தான் நிற்கும்.

நன்றாக உடுத்துகிற ஆணுக்கு ஃபார்மலாக இரண்டு ஜோடி போதும் என்பது என் அபிப்பிராயம். லேஸ் வைத்த கறுப்பு ஒன்று, கழற்றி மாட்ட வசதியாக லேஸ் இல்லாத பழுப்பு ஒன்று. அகலப் பாதம் உள்ளவர்கள், லேஸ் கட்டும் இரண்டு மடலும் தனித்தனியாக விரிகிற 'டெர்பி' வகையைக் கேட்டு வாங்கலாம். மடல்கள் ஒட்டித் தைத்திருக்கும் 'ஆக்ஸ்ஃபோர்ட்' மேற்பாதத்தை இறுக்கும்.

ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். நம் ஊர் வியர்வைக்குத் தோல் உலர ஒரு நாளாவது வேண்டும். கழற்றியதும் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுக்கும், வடிவமும் கெடாது.

வீட்டிலேயே அளக்கலாம்

அன்று மாலையே மருமகனுக்கு அளவெடுத்தோம். நீங்களும் செய்யலாம்.

• மாலையில் அளக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும்.

• சுவரை ஒட்டி வெள்ளைத்தாளைப் போட்டு, சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி நிற்க வேண்டும். உட்கார்ந்தால் அளவு குறையும்.

• மிக நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு. அது கட்டை விரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு பாதத்தின் மிக அகலமான இடத்தில் இருபக்கமும் கோடு.

• இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள்.

• கடையில் போட்டுப் பார்க்கும்போது விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். பத்து நிமிடமாவது நடங்கள். 'போடப் போடச் சரியாயிடும்' என்பது தோலுக்கு ஓரளவு உண்மை. ரெக்சினுக்கு உண்மையே இல்லை.

சேஃப்டி ஷூவுக்கு இது இன்னும் முக்கியம். அதன் முன்பகுதியில் இருக்கும் கவசம், சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அந்தக் கவசம் நெகிழ்ந்து கொடுக்காது. கடித்தால் கடித்துக்கொண்டேதான் இருக்கும். கம்பெனியில் ஷூ கொடுக்கும்போது கூச்சப்படாமல் போட்டுப் பார்த்து, அகலம் போதாவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.

நிஜமாகவே யாருக்குத் தேவை?

மருமகனுக்கு அளந்து முடித்ததும், அத்தானையும் நிற்கச் சொன்னோம், சும்மா விளையாட்டுக்கு. பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர். தாளிலிருந்து காலை எடுத்தபோது கட்டை விரலுக்குக் கீழே சிறு ஈரக்கறை. திருப்பிப் பார்த்தால், ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"எப்பத்திலிருந்து?" என்றாள் அக்கா.

"தெரியலையே... வலிக்கவே இல்லையே" என்றார் அத்தான்.

அந்த 'வலிக்கவே இல்லை'தான் ஆபத்து. நாள்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மங்கிவிடும். ஷூ கடிப்பது தெரியாது, கடித்த இடம் புண்ணாகும், கவனிக்காவிட்டால் காலையே இழக்க நேரும்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு, சதை தானாக அழுகுவது காரணமில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதற்கு மருந்தாகக் காலணியையே பார்த்தார்கள் அவரும் அவருடைய குழுவினரும். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் 'எம்.சி.ஆர்' செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

உணர்ச்சி குறைந்த பாதம், போலியோவால் அளவு மாறிய கால், விரல் எடுக்கப்பட்ட கால், இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் உள்ளவர்கள்... இவர்களுக்கெல்லாம் அளவெடுத்துச் செய்வது ஆடம்பரம் இல்லை, சிகிச்சை. நீரிழிவு பாதப் பிரிவு உள்ள மருத்துவமனையில் காட்டி, அவர்கள் சொல்கிறபடி செய்துகொள்வதுதான் சரி.

மறுநாளே அத்தானை டாக்டரிடம் அழைத்துப் போனோம். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. கஸ்டம் ஷூவுக்கென்று மருமகன் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில், அப்பா காலுக்கு அளவெடுத்து இரண்டு ஜோடி செருப்பு செய்தான். அவனுக்கு, கடையிலேயே 'ஜி' அகலத்தில் ஒரு கறுப்பு டெர்பி. சைஸ் எட்டு. பஞ்சு தேவைப்படவில்லை.

ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நின்றான். வந்தவர்கள் கோட்டைப் பாராட்டினார்கள். ஷூவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கும் அதைப் பற்றி நினைவே வரவில்லையாம்.

உங்கள் ஷூவை அளப்பது இருக்கட்டும். இன்று இரவு, வீட்டில் சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தைத் திருப்பி ஒரு முறை பாருங்கள்.