மூன்று வயதில் பல் செட்! தெரியுமா?

பால்பல் 20, நிலைப்பல் 32. இந்தக் கணக்கு எல்லா வாய்க்கும் பொருந்தாது, தெரியுமா?

சிந்து மாகாணத்தில் ஓர் இந்துக் குடும்பம். நான்கு தலைமுறையில் பத்து ஆண்கள். ஒவ்வொருவருக்கும் மேலும் கீழும் சேர்த்து நோஞ்சான் முன்பற்கள் நான்கு, கடைவாய்ப்பற்கள் எட்டு, அவ்வளவுதான்! உடம்பில் முடி குறைவு, இளவயதிலேயே வழுக்கை, வெயில் காலத்தில் தோல் வறண்டு பெரும் அவதி. இதைப் பதிவு செய்தவர் யார் தெரியுமா? சார்லஸ் டார்வின், 1875-இல்! அந்த வீட்டுப் பெண்களுக்குக் குறை இல்லை, அவர்கள் பெற்ற மகன்களுக்கு வருகிறது என்பதையும் குறித்துவைத்தார். மரபணு என்றால் என்னவென்றே உலகம் அறியாத காலம் அது!

அவர்கள் தோல் வறண்டது வியர்க்காததால். பல்லுக்கும் வியர்வைக்கும் என்ன தொடர்பு? கருவின் வெளிப்புற அடுக்கிலிருந்துதான் முடி, நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் எனாமல் எல்லாமே உருவாகின்றன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈ.டி.ஏ. என்ற மரபணு பழுதானால் அத்தனையும் தடுமாறும். அந்த மரபணு பிடிபட்டது 1996-இல்தான். பல் வராததைவிடப் பெரிய ஆபத்து, வியர்க்காததே. உடம்புச் சூட்டை இறக்க வழியில்லாமல் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும். காரணம் பிடிபடாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது, பல்லும் முளைக்கவில்லை, முளைத்த ஒன்றிரண்டும் கூம்பாக இருக்கின்றன என்றால், தயவுசெய்து மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே பல் செட் கட்டுகிறார்கள், தெரியுமா? மெல்லவும், சொல் திருந்தவும், பள்ளியில் வாய்விட்டுச் சிரிக்கவும் அது வேண்டும். தாடை வளர வளர செட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேராக இம்பிளான்ட் வைத்துவிட்டால் என்ன? எலும்போடு ஒட்டிக்கொள்ளும் டைட்டானியம் திருகு தாடையோடு சேர்ந்து வளராது. சுற்றியுள்ள பற்கள் உயர, அது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். அதனால்தான் பொதுவாக வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கிறார்கள். கீழ்த்தாடையின் முன்பகுதி மட்டும் சில பிள்ளைகளுக்கு விதிவிலக்கு. இன்னொரு சிக்கல்: பல் இருந்தால்தான் அதைத் தாங்கும் எலும்பும் திரளும். பல்லே வராத தாடை மெலிந்துபோகும்!

டைட்டானியப் பல் உலகில் முதன்முதலில் யாருக்குப் பொருத்தப்பட்டது தெரியுமா? 1965, சுவீடனின் கோத்தன்பர்க். தாடை உருக்குறையோடு பிறந்த ஒருவருக்கு மருத்துவர் பிரானெமார்க் பொருத்தினார். 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது!

பல் கூடிப்போகும் நோயும் உண்டு! ரன்க்ஸ்2 மரபணு பழுதானால் காறையெலும்பு குறைந்தோ இல்லாமலோ பிறப்பார்கள், ஆனால் ஈறுக்குள் கூடுதல் பற்கள் குவிந்திருக்கும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நடிகர் கேட்டன் மட்டராசோவுக்கு 2020-இல் ஒரே அறுவையில் 14 கூடுதல் பற்களை எடுத்தார்கள்! பாப்பியோன்-லெஃபேவ்ர் நோயிலோ பற்கள் ஒழுங்காக முளைத்தும், ஈறு அழிந்து சிறுவயதிலேயே கொட்டிவிடும். ஐந்து வயதுக்கு முன்பே பால்பல் வேரோடு விழுகிறதா? அதை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எலும்பையே பாதிக்கும் ஹைப்போபாஸ்பட்டேசியாவின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். அதற்கு 2015 முதல் மருந்தும் உண்டு!

இனி வருவதுதான் உச்சம். ஈ.டி.ஏ. பழுதுள்ள சிசுக்களுக்குத் தாயின் வயிற்றிலேயே மருந்து! ஜெர்மனியின் எர்லாங்கனில் மருத்துவர் ஹோல்ம் ஷ்னைடர் குழு, இல்லாத புரதத்தைப் பனிக்குட நீரில் ஊசியால் செலுத்தியது. சிசு அதை விழுங்கியது. பிறந்த பிள்ளைகளுக்கு வியர்த்தது! 2018-இல் வெளியான செய்தி இது.

ஜப்பானிலோ பல் மருத்துவர் கட்சு தகாஹாஷி குழு, பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் யூசாக்-1 புரதத்தை அடக்கி, எலிக்கும் ஃபெரெட் என்ற விலங்குக்கும் புதிய பல்லையே முளைக்க வைத்துவிட்டது! 2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், பல் இழந்த 30 ஆண்களிடம் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அது தேறினால் அடுத்த முறை, பிறவியிலேயே பற்கள் இல்லாத இரண்டு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு!