குடல் அழற்சியோடு நடமாடுதல்

எங்கள் பகுதியில் 'அல்சர்' என்றால் இரைப்பைப் புண். நேரத்துக்குச் சாப்பிடாதவர்களுக்கு வருவது, உறைப்பைக் குறைத்தால் போய்விடுவது என்பது ஊரின் முடிவு. அதனால் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டோடு ஒருவர் வீட்டுக்கு வந்து "அல்சராம்" என்று சொன்னால், கேட்பவர்கள் "அவ்வளவுதானா" என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தமாகப் போனால் மூலம், சளியாகப் போனால் சீதபேதி, வயிறு முறுக்கினால் கேஸ். இந்தப் பெயர்களுக்குள்ளேயே மாதக்கணக்கு ஓடிவிடும்.

குடல் அழற்சி நோய் இவை எதுவுமல்ல. அழல் என்றால் நெருப்பு. தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் சொல்கிறேன், 'அழற்சி' என்ற சொல் இந்த நோயை நன்றாகவே காட்டுகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி குடலின் மீதே திரும்பி அதைப் புண்ணாக்குகிறது. சில காலம் சாம்பல் மூடிய தணலாகக் கிடக்கும், பிறகு மூளும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலை மட்டும், மலவாசலின் பக்கமிருந்து மேல்நோக்கிப் பிடிக்கும். 1932இல் நியூயோர்க்கில் பரில் குரோன் என்ற வைத்தியரும் அவருடைய இரண்டு சகாக்களும் விவரித்த குரோன்ஸ் நோய், வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரலாம். விட்டு விட்டு வரும், குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்கும். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 5 பேருக்கு முன்னையதும் ஒருவருக்குப் பின்னையதும் இருந்தன. அரிது என்பதால்தான் ஊரில் இதற்குப் பெயரில்லை. பெயரில்லாத நோய்க்கு எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்.

"நோய்க்காரி ஏன் புள்ள நடந்து திரியிறாய், பேசாமப் படுத்துக் கிட." எனக்கு இந்த நோய் வந்து எட்டு வருடம். இந்த வசனத்தை உம்மாவிடமிருந்தும் மாமியிடமிருந்தும் பக்கத்து வீட்டு ராத்தாவிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். அன்பினால் சொல்வதுதான். ஆனால் படுக்கை இந்த நோய்க்கு மருந்தல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் களைப்பு. இது வேலை செய்து வரும் களைப்பல்ல, தூங்கி எழும்பினாலும் போகாது. இரத்தம் போவதால் இரும்புச்சத்துக் குறைகிறது. அழற்சியே உடம்பை உறிஞ்சுகிறது. இரவில் மூன்று நான்கு தடவை எழும்பினால் தூக்கம் கெடுகிறது. இதோடு படுத்தே கிடந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் பத்துப் படி ஏறவும் மூச்சு வாங்கும், அதனால் இன்னும் படுக்கச் சொல்லும். இரத்தசோகைக்கு மருந்து வேறு, அதை வைத்தியர் பார்ப்பார். இந்தச் சுழலில் நம் கையில் இருப்பது தசை மட்டும்தான்.

இரண்டாவது எலும்பு. நோய் மூண்டால் பிரெட்னிசலோன் தருகிறார்கள். தேவையான மருந்துதான், ஆனால் நீண்ட காலம் எடுத்தால் எலும்பையும் தசையையும் மெலிய வைக்கும். எலும்பு பலப்படுவது பாரம் தாங்கும்போதுதான். நடத்தல், படி ஏறுதல், பாரம் தூக்குதல் உதவும். நீச்சல் இதயத்துக்கும் மூட்டுக்கும் நல்லது, எலும்புக்கு அவ்வளவாக உதவாது. இங்கிலாந்தில் குரோன்ஸ் நோயாளர் 47 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் துள்ளும் பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்தவர்களின் முள்ளந்தண்டு எலும்பின் அடர்த்தி கூடியிருந்தது, தசை வலுவும் கூடியிருந்தது.

மூன்றாவதைப் பலர் அறிவதில்லை. இந்த நோயுள்ளவர்களுக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், அதுவும் நோய் மூண்டிருக்கும்போது இன்னும் அதிகம். அசையாமல் கிடப்பது அதைக் கூட்டும். ஆகவே எழும்ப முடியாத நாளிலும் கட்டிலில் கிடந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது திடீரென்று மூச்சு முட்டினால், எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நடப்பது நோயைக் கிளப்பிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கால்களுக்குப் போகிறது. மரதன் ஓடும் சுகதேகிகளுக்கே வயிற்றோட்டம் வருவது இதனாலும்தான். மிதமான அசைவு வேறு. கனடாவில் செய்து 1999இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், குரோன்ஸ் நோயுள்ள 12 பேர் 12 வாரம், வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் நடந்தார்கள். நோய் மூளவில்லை, மனமும் உடம்பும் தேறின. 12 பேர் என்பது சின்னக் கூட்டம், நடையே நோயைக் குணமாக்கும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

எல்லை எவ்வளவு தூரம் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம். பிரித்தானியப் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருடமும், 1996இலும், 2000இலும் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். மன்செஸ்டர் யுனைடட் உதைபந்தாட்ட வீரர் டெரன் ஃப்ளெட்சர் இதே நோயால் விளையாட்டை விட்டு ஒதுங்கி, 2013இல் சத்திரசிகிச்சை செய்து, அதே வருட இறுதியில் திரும்ப மைதானத்துக்கு வந்தார். நாங்கள் ஒலிம்பிக் போகப் போவதில்லை. கடைத்தெருவுக்குப் போய்வந்தால் போதும்.

அங்கேதான் உண்மையான தடை. நோயாளியை வீட்டில் கட்டிப்போடுவது கால் அல்ல, மலசலகூடம். அவசரம் வந்தால் இரண்டு நிமிடம் கூடத் தாங்காது. ஆண்கள் வழியில் ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிடலாம். எங்கள் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு அந்த வசதி இல்லை, கடற்கரையிலும் இல்லை. இதைப் பேசப் பெண்கள் வெட்கப்படுகிறார்கள், அதனால் யாரும் கட்டுவதுமில்லை. நான் கண்ட வழி, தூரமாக ஒரே போக்கில் போகாமல் வீட்டைச் சுற்றி நடப்பது. எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வர ஆறு நிமிடம். ஐந்து சுற்று என்றால் அரை மணித்தியாலம், எந்த இடத்திலிருந்தும் வீடு மூன்று நிமிடத்துக்குள். பைக்குள் ஒரு மாற்றுடுப்பு. அதைக் கொண்டுபோனால் தேவைப்படுவது குறைவு, கொண்டுபோகாத நாளில்தான் மனம் பதறி வயிறும் பதறும்.

நேரமும் முக்கியம். சாப்பாடு இரைப்பையில் விழுந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அது இன்னும் உசார். ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் உடனே வெளிக்கிடக் கூடாது. எனக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பொருந்துகிறது, வெயிலும் தாழ்ந்திருக்கும். அசதயோபிரின் எடுப்பவர்களுக்கு வெயில் ஆகாது என்பதையும் நினைவில் வைக்கலாம். வயிற்றோட்டம் உள்ள நாளில் வெறும் தண்ணீர் போதாது, ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டும். நடந்து முழங்கால் நொந்தால் பனடோல் போடலாம், டைக்லோபெனக், இபுபுரூபன் வகைகளை வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. அவை நோயைக் கிளப்பலாம்.

ஐவேளைப் பர்ளில் மட்டும் 17 ரக்அத், 34 ஸுஜூது. ஸுன்னத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சி என்று சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நின்று தொழ முடிகிறதா, ஸுஜூதிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறதா என்பது என் உடம்பின் நிலையை ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டிவிடுகிறது. இருந்து தொழும் நாளில் நடை இல்லை, வீட்டுக்குள் உலாவுவதோடு சரி. நின்று தொழத் தொடங்கியதும் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு. வுழூ நிற்கவில்லையே என்று தொழுகையையும் வெளியே போவதையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் தொடர்ச்சியான உபாதை உள்ளவர் வக்து நுழைந்த பின் வுழூ செய்து அந்தப் பர்ளைத் தொழுதுகொள்ளலாம். தன் நிலை அந்தச் சலுகைக்குள் வருகிறதா என்பதை மௌலவியிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். நோன்பும் அப்படியே. நோயாளி பின்னொரு நாளில் நோற்கக் குர்ஆனே இடம் தருகிறது.

நடையை நிறுத்த வேண்டிய நாளும் உண்டு. இரத்தத்தோடு ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ போவது, அதோடு காய்ச்சலோ 90க்கு மேல் நாடித்துடிப்போ சேர்வது கடுமையான நிலையின் அடையாளங்கள். 1955இல் ஒக்ஸ்போர்டில் டிரூலவ், விட்ஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல் அது, இன்றும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த நாளில் ஒழுங்கையைச் சுற்ற வேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களும் பாரம் தூக்குவதை வைத்தியர் சொல்லும் வரை தள்ளிப்போட வேண்டும். வயிற்றில் பை வைத்தவர்களுக்குக் குடலிறக்கம் வரும் ஆபத்து உண்டு.

இது பெரியவர்களின் நோய் மட்டுமல்ல. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் தொடங்குவதுதான் அதிகம். என் வகுப்பில் குரோன்ஸ் நோயுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். விளையாட்டுப் போட்டிக்கு அவளைச் சேர்க்க வேண்டாம் என்று வாப்பா கடிதம் கொடுத்தார். அவள் அழுதாள். கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள் என்றேன், நோய் தணிந்திருக்கிறது, விளையாடலாம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் அவள் கை உயர்த்தி அனுமதி கேட்கத் தேவையில்லை, எழும்பிப் போய் வருவாள். வலைப்பந்தில் அவள் இடத்துக்கு இன்னொரு பிள்ளையை விளையாட்டு ஆசிரியை எப்போதும் தயாராக வைத்திருக்கிறார். போன தவணையில் அந்தப் பிள்ளை உள்ளே போனது ஒரே ஒரு தடவைதான்.