தெளிக்கும் தண்ணீரும் தீரும் நிலக்கரியும்

சூடு மிஞ்சினால் தண்ணீர் தெளித்து ஆற்றுவதுதானே இயல்பு, அதில் என்ன தவறு என்று தோழர்கள் கேட்கலாம். அனல் மின் நிலையத்து ரீஹீட்டரில் அது தவறுதான் என்கிறோம் நாம். ஆனால் தவறு, வால்வைத் திறந்த தொழிலாளியுடையதல்ல!

மேட்டூரை எடுத்துக்கொள்வோம். 1987 முதல் 1990 வரை அங்கே 210 மெகாவாட் அலகுகள் நான்கு எழுந்தன. இவ்வகை அலகில் 535 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாய்லரை விட்டுப் புறப்படும் நீராவி, முதலில் உயர் அழுத்த டர்பைனைச் சுழற்றுகிறது. உழைத்துக் களைத்து, 300 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் வெளியே வருகிறது. அப்படியே அடுத்த டர்பைனுக்கு அனுப்பினால், கடைசி வரிசையை எட்டுமுன் துளித்துளியாக நீராகிப் பிளேடுகளை அரித்துவிடும். எனவேதான் அதனைப் பாய்லருக்கே திருப்பி, ரீஹீட்டர் குழாய்களில் மீண்டும் 535 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். களைத்தவனுக்குக் கஞ்சி வார்த்து மறுபடி வயலில் இறக்குவது போல!

சூடு அளவை மீறினால் குழாய் வலுவிழந்து வெடிக்கும். அதைத் தடுக்கவே கண்ட்ரோல் ரூம் தொழிலாளி ஸ்பிரே வால்வைத் திறக்கிறார், கடமையைத்தான் செய்கிறார். ஆயினும் அந்தத் தண்ணீர், உயர் அழுத்த டர்பைனை எட்டியும் பாராமல் பாதி வழியில் ஏறிக்கொள்ளும் பயணி. அதனைக் காய்ச்சவும் நிலக்கரி எரிகிறது. முதல் டர்பைனிலோ அதனால் ஒரு வேலையும் இல்லை. நீராவி ஓட்டத்தில் 1 சதவிகிதம் தண்ணீர் தெளித்தால் எரிபொருள் செலவு ஏறத்தாழ 0.2 சதவிகிதம் கூடும் என்பது பொறியாளர் கணக்கு. சில்லறைக் கணக்கென்று சிரிக்க வேண்டாம்! முழுச் சுமையில் ஓடும் இத்தகைய அலகு நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி தின்னும். 3 சதவிகிதம் தெளித்தால் நாளுக்கு 21 டன் வீண். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, ரயிலில் மேட்டூர் வந்து சேரும் நிலக்கரி அல்லவா அது?

சூடு மிஞ்சுவது ஏன்? உலைச் சுவரில் சாம்பல் உருகி ஒட்டினால், சுவர்க் குழாய்கள் தம் பங்குச் சூட்டை வாங்காமல் மேலே விட்டுவிடுகின்றன. பாரம் ரீஹீட்டர் தலையில் விழுகிறது. சூட் புளோயர் ஒழுங்காக ஓடினால் சுவர் சுத்தமாகும். மூலைகளிலுள்ள பர்னர்களைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நெருப்பு தாழும், ரீஹீட்டர் சூடும் தணியும். சாய்க்கும் அமைப்பே இறுகிக் கிடந்தால்? ஸ்பிரே வால்வு, மூடிய பிறகும் தெருக்குழாய் போல ஒழுகினால்? 'மூடியுள்ளது' என்று விளக்கு காட்டும். உள்ளே தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும்!

இவற்றைச் சரிசெய்யப் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. பராமரிப்புக்கு நாளும், புளோயருக்கு உதிரிபாகமும் தந்தால் போதும். எந்த நிலையமாயினும், "இந்த மாதம் ஓடட்டும், அடுத்த முறை பார்க்கலாம்" என்று நாளைத் தள்ளுகிறவர் ஷிப்டில் நிற்பவர் அல்லர். குழாய் வெடித்து அலகு நின்றதும் விளக்கம் கேட்டு மெமோ வருவதோ அவருக்கு! பதில் எழுதும்போது, வால்வு எத்தனை நாளாக ஒழுகுகிறது, பழுதுச் சீட்டு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சீட்டின் நகல் கையில் இருக்கட்டும், தோழர்களே.