பாக்கிச் சில்லறை

முப்பத்தைந்து வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று இந்த நாலு ஊருக்குள்ளேயே சுற்றி விசில் ஊதித் தேய்ந்த ஆள். சிகரெட் பிடித்தது அதைவிட ஒரு வருஷம் அதிகம். அத்தனை வருஷத்தில் முழு பாக்கெட்டாக வாங்கியது மூன்று தடவையோ நாலு தடவையோதான். அதில் ஒன்று என் கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டோடு வைக்க. மற்றதெல்லாம் சில்லறையில், ஒன்று ஒன்றாக.

அதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. பாக்கெட் வாங்குகிறவன் சிகரெட்காரன். ஒன்று வாங்குகிறவன் சும்மா டீ குடிக்க வந்த இடத்தில் ஒரு தம் போடுகிறவன். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நான் 'சும்மா' டீ குடிக்கப் போனேன். அப்போதெல்லாம் பெட்டிக்கடை வாசலில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று நுனியில் கனிந்தபடி தொங்கும். தீப்பெட்டிகூட நம் செலவில்லை. பையில் பாக்கெட் இல்லாததால் வீட்டில் சட்டை துவைக்கிறவர்களுக்கும் தடயம் கிடைக்காது. வாடையை மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இந்தச் சில்லறை வியாபாரத்தில் இன்னொரு கூத்து இருக்கிறது. 2009-இல் பாக்கெட் மேல் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016-இல் பாக்கெட்டின் 85 சதவீதத்தை அந்தப் படமும் எழுத்தும் மூட வேண்டும் என்றானது. 2018-இல் பழக்கத்தை விட உதவி கேட்க இலவசத் தொலைபேசி எண்ணையும் அதிலேயே அச்சடித்தார்கள். எல்லாம் சரி. கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி என் கையில் கொடுக்கிறார். படம், எழுத்து, எண் மூன்றும் அவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுகின்றன. புற்று வந்த தொண்டையின் படத்தை அதிகம் பார்த்தவர் அவர்தான். பாவம், அவர் சிகரெட்டே தொட்டதில்லை. மகாராஷ்டிர அரசு 2020-இல் ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடை செய்தபோது எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வந்தது.

பஸ்ஸுக்குள் நான் வேறு ஆள். 2008 அக்டோபர் 2-ஆம் தேதியிலிருந்து பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்றார்கள். அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலம். பஸ்ஸில் அதற்கு முன்பே கூடாதுதான். ஆனாலும் கடைசி சீட்டில் ஒரு பெரியவர் பீடியைக் கையில் மறைத்து இழுத்துக்கொண்டே வருவார். "பெரியவரே, அதக் கீழ போடுங்க, பொம்பளைங்க குழந்தைங்க இருக்காங்க" என்று சத்தம் போடுவேன். அவர் போட்டுவிடுவார். அந்தப் புகை மூக்கில் ஏறி, மாமல்லபுரம் எப்போது வரும் என்று என் மனசு தவிக்கும்.

ஏன் அப்படித் தவிக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேரப் பத்து இருபது விநாடி போதும். அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. பிடிக்கப் பிடிக்க அந்த இடங்களும் பெருகுகின்றன. ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டினில் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். காலியான இடமெல்லாம் கை நீட்டிக் கேட்கும். செங்கல்பட்டில் ஏறி மாமல்லபுரம் போய்த் திரும்ப எங்களுக்கும் ஏறத்தாழ அதே இரண்டு மணி நேரம். நிக்கோட்டினும் எங்கள் டைம் கீப்பரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தார்கள் போல.

முதல் தடவை விட்டது 2011-இல். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். அந்த வருஷம் சங்கு வந்தது. கூட்டம் நெரிந்தது, விடாமல் டிரிப் அடித்தோம். அந்தப் பரபரப்பில், குளக்கரையில் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டேன்.

சத்தியம் பண்ண ஒரு நிமிஷம். அதற்கப்புறம் வந்த மூன்று நாளை நான் எதிரிக்கும் கேட்கமாட்டேன். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உடம்பின் தவிப்பு உச்சத்துக்குப் போகுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது பைசாவுக்காக ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கட்டிப் புரளாத குறை. இரவில் தூக்கம் இல்லை. சிகரெட்டை மறக்க டீயாகக் குடித்தேன், அது இன்னும் படபடப்பாக்கியது. புகைக்கிறவன் உடம்பு காஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே ஒரு டீ இரண்டு டீ மாதிரி வேலை செய்யும். இதுவும் அப்போது தெரியாது. போதாததற்கு இருமல் கூடியது. மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்ணிய முடிகள் மறுபடி வேலையைத் தொடங்குவதால் சிலருக்குச் சளி வெளியே வரும், நல்ல அறிகுறிதான். எங்கள் வீட்டில் அதைப் பார்த்த விதம் வேறு. "ஏங்க, நீங்க பிடிச்சுட்டே இருங்க. வீட்டுல மனுசங்க இருக்க வேணாமா?" என்றாள் என் மனைவி.

இருந்தும் தாண்டினேன். இரண்டே முக்கால் வருஷம்.

2014-இல் கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர் இறந்துபோனார். பத்து வருஷம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதுகு. சுடுகாட்டிலிருந்து திரும்பி ஒரு டீக்கடையில் நின்றோம். யாரும் பேசவில்லை. ஒருத்தர் பற்ற வைத்துவிட்டு, ஒன்றை என் பக்கம் நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு, கண்டக்டரே." வேண்டாம் என்று சொல்வது இறந்தவருக்கே மரியாதைக் குறைவு மாதிரி இருந்தது அந்த நேரத்தில். இழுத்தேன். தலை சுற்றியது, நன்றாகவும் இல்லை. மறுநாள் காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் என் கால் தானாகக் கடைக்குப் போனது. அன்றைக்கு ஒன்று. ஒரு வாரத்தில் பழைய பத்து.

வெட்கமாக இருந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்கிறவர்களில் ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பவர் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் என்று. 2016-17-இல் மத்திய அரசு நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஆக என் பஸ்ஸில் பத்துப் புகைக்காரர் ஏறினால், ஏறத்தாழ நாலு பேர் விட்டுத் தோற்றுத்தான் ஏறியிருப்பார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

2019 மழைக்காலத்தில் இருமல் நிற்கவில்லை. மூன்று வாரம் ஆனதும் என் மனைவி அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனைக்கு எழுதினார்கள். காசநோய் உலகத்தில் எங்கள் செங்கல்பட்டுக்கு ஒரு பெயர் உண்டு: பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்று பார்க்கும் பெரிய ஆய்வு 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் தொடங்கியது. என் சளியில் கிருமி இல்லை. பெருமூச்சு விட்டேன். ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா விடவில்லை.

"சிகரெட்டுக்கும் டிபிக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டு ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். வேந்தன் கஜலட்சுமி என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ, மூளை அறுவை மருத்துவர் டி.எஸ். கனகா, பிரபாத் ஜா ஆகியோர் சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தைத் திரட்டினார்கள். 2003-இல் லான்செட் இதழில் வந்தது. புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். சிகரெட் என்றால் புற்று, மாரடைப்பு என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நம்மூர்ச் சாவுகளை எண்ணிப் பார்த்து வேறு பதில் சொன்ன ஆய்வு அது. நம்மூர் ஆண்கள், என் வயசு, என் மாதிரி டீக்கடையில் நிற்பவர்கள். படத்துத் தொண்டை செய்யாததை இந்தக் கணக்கு செய்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "காலைல எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" எத்தனை பிடிக்கிறேன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் கை போகிறதோ அவ்வளவு இறுக்கமான பிடி என்று அர்த்தமாம். ஸ்வீடன் நாட்டு ஃபாகர்ஸ்ட்ராம் என்பவர் வகுத்த கேள்விப் பட்டியலில் அது முக்கியமான கேள்வி. எனக்கு அரை மணிக்குள். நிக்கோட்டின் சூயிங் கம் எழுதிக் கொடுத்தார். ஒரு சீட்டில் 1800-11-2356 என்று எழுதி, "இது பாக்கெட் மேலயே இருக்குமே, பார்த்ததில்லையா?" என்றார். நான் என்ன சொல்ல?

சூயிங் கம்மை நம்மவர்கள் பபிள் கம் மாதிரி மென்று துப்பிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். மெல்ல மெல்லச் சுர்ரென்று காரம் ஏறும். ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், வெற்றிலைச் சாற்றை அடக்குகிற மாதிரி. அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்கு அதைப் போடக் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது. இது எனக்கு நல்லதாகப் போயிற்று. முதல் தடவையாக டீயையும் தம்மையும் பிரித்து வைத்தேன்.

அந்த எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசினார்கள். டெல்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-இல் தொடங்கிய சேவை அது. மறுமுனையில் இருந்த பெண் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எந்தெந்த நேரம், எந்த இடம், கூட யார் என்று என் நாளை டிரிப் ஷீட் மாதிரி எழுத வைத்தார். எழுதிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பன்னிரண்டு சிகரெட்டில் ஒன்பது, பஸ் நின்றதும் பற்ற வைத்தவை. ஆசை வந்தால் அது மூன்று முதல் ஐந்து நிமிஷம்தான் நிற்கும், அதுவரை கைக்கு வேலை கொடுங்கள் என்றார்.

கண்டக்டர் கைக்கு என்ன வேலை? பஸ் நின்றதும் இறங்கமாட்டேன். சீட்டில் உட்கார்ந்து தோல் பையைக் கவிழ்த்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து அடுக்குவேன். எண்ணி முடிப்பதற்குள் அலை இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் கலைத்துப்போட்டு மறுபடி எண்ணுவேன். அந்த மாதம் எங்கள் டெப்போவிலேயே சரியான சில்லறைக் கணக்கு என்னுடையதாகத்தான் இருக்கும். செங்கல்பட்டு தனி மாவட்டமான அதே நவம்பர். எனக்கு 55 வயசு. நாலு மாதத்தில் ஊரடங்கு வந்து பஸ்ஸும் நின்றது, பெட்டிக்கடையும் மூடியது. அதுவும் உதவியது, மறைக்க மாட்டேன்.

'ஒண்ணே ஒண்ணு'தான் இப்போதும் பயம். சாவு வீட்டுக்குப் போனால் சூயிங் கம்மோடுதான் போனேன் ஒரு வருஷம். அக்கா பையன் ஒருத்தன், "மாமா, வேப் இருக்கே, புகையே கிடையாது" என்றான். இ-சிகரெட்டை 2019-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், அவனுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் 1951-இல் தொடங்கி ஐம்பது வருஷம் டாக்டர்களையே பின்தொடர்ந்து ஒரு கணக்குப் போட்டார். விடாமல் புகைப்பவருக்கு ஆயுளில் ஏறத்தாழ பத்து வருஷம் போகும். முப்பது வயசில் விட்டால் பத்தும் திரும்பும். நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. சராசரிதான், தனி ஆளுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கண்டக்டர் புத்தி எங்கே போகும்? சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்போமே, அப்படி எனக்கு யாரோ நாலோ ஐந்தோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து வருவதற்கு நான் முந்தியே இறங்கியிருக்க வேண்டும்.

2024 மார்ச்சில் மறுபடி சங்கு பிறந்தது. இந்தத் தடவை சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வருஷமே ஓய்வும் பெற்றேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் ஊர் மலையில் ஏறுகிறேன். ஐந்நூற்று அறுபதுக்கு மேல் படி. சரியாக எத்தனை என்பதில் எண்ணுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. முன்பு ஐந்து இடத்தில் உட்காருவேன், இப்போது ஒரே இடத்தில். வழியில் உள்ள ஒருகல் மண்டபத்தில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். புகையிலையும் அப்படிக் கப்பலேறி வந்ததுதான், அவர்களுக்கு முன்னாலேயே. அமெரிக்கக் கண்டத்துச் செடி. பெயர் செதுக்கியவர்கள் போய்விட்டார்கள்.

சின்ன வயசில் உச்சி வேளையில் இந்த மலைக்கு இரண்டு கழுகுகள் வரும். சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள், வந்து தின்னும். தொண்ணூறுகளின் கடைசியில் வரவு நின்றுவிட்டது. இன்றைக்கும் பன்னிரண்டு மணி ஆனால் மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். அதே மாதிரிதான் டீ கிளாஸைக் கையில் வாங்கினால் மற்றக் கை ஒரு சிகரெட்டுக்கான சில்லறை தேடிச் சட்டைப் பைக்குப் போகிறது, விட்டு இத்தனை வருஷம் ஆகியும்.

போன வாரம் இறங்கி வந்து அடிவாரக் கடையில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் பையன் ஒருத்தன், இருபது வயசு இருந்தால் அதிகம், ஒரே ஒரு சிகரெட்டுக்கு நூறு ரூபாயை நீட்டினான். கடைக்காரர் சில்லறை இல்லை என்றார். ஜிபே போட்டுப் பார்த்தான், சுற்றிக்கொண்டே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, நூறுக்கு சில்லறை இருக்கா?"

சில்லறையை வைத்துக்கொண்டே இல்லை என்கிறான் என்று முப்பத்தைந்து வருஷம் திட்டு வாங்கியவன் நான். அநியாயமான திட்டு, ஒரு நாளும் நான் அப்படிச் செய்ததில்லை.

"இல்ல தம்பி" என்றேன். சட்டைப் பையில் பத்து ரூபாய் நாணயங்கள் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.