பெட்டியில் வரும் இன்ஜின்: குதிரைத்திறனைக் கடைசியில் கேளுங்கள்

பழைய காருக்குப் புது வேகம் கொடுக்க நினைப்பவர்களுக்கு மேல்நாடுகளில் ஒரு நேர்வழி உண்டு. தொழிற்சாலையிலேயே முழுதாகப் பூட்டி, பெட்டியில் அடைத்து, உத்தரவாதத்தோடு விற்கும் இன்ஜினை வாங்கிப் பொருத்திவிடுவார்கள். இதற்கு 'கிரேட் இன்ஜின்' என்று பெயர். செவர்லே விற்கும் எல்.எஸ்.3 இந்த வகையில் புகழ்பெற்றது, 6.2 லிட்டர் கொள்ளளவு, சுமார் 430 குதிரைத்திறன். 2017இல் மோப்பார் நிறுவனம் 707 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினையே பெட்டியில் வைத்து விற்க முன்வந்தது. தில்லியின் கார்ப் பிரியர்களுக்கும் இந்த ஆசை உண்டு. பெட்டி இன்ஜினுக்குப் பணம் எட்டாதவர்கள் மாயாபுரியின் பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகிறார்கள். இரு சாராரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதைத்தான். தில்லியில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஊரின் வெயில், காரின் மற்ற உறுப்புகள், சட்டம் இந்த மூன்றும் சம்மதித்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு வருகிறது.

வெயிலிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் இன்ஜின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் அதிகபட்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். ரேடியேட்டரின் திறன், உள்ளே ஓடும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 100 டிகிரியில் இருக்கும்போது வெளியே 25 டிகிரி என்றால் வேறுபாடு 75. தில்லியின் மே மாதத்து 45 டிகிரியில் அது 55ஆகச் சுருங்குகிறது. அதே ரேடியேட்டர் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் திறன் இழந்துவிடுகிறது. காற்றும் சூடானால் விரியும். 15 டிகிரியில் உள்ளே போகும் காற்றைவிட 45 டிகிரியில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவான காற்றே சிலிண்டருக்குள் போகும். ஆற்றலும் அந்த அளவுக்குக் குறையும். பெரிய ரேடியேட்டர் வைத்தால் போயிற்று என்று சிலர் சொல்லலாம். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் இடம் பழைய காருக்காக அளந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எதிர்க்காற்றும் கிடையாது, விசிறிதான் கதி.

எரிபொருளும் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவலாகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். தூய பெட்ரோலுக்காக நிரல் எழுதப்பட்ட இன்ஜினுக்கு இந்தக் கலவையில் எரிபொருள் போதாமல் போகும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். முழு வேகத்தில் பல இன்ஜின்கள் சென்சாரைக் கேட்பதில்லை, அட்டவணைப்படியே ஓடும். இன்ஜின் மேல் சுமை அதிகமாக இருக்கும் நேரமும் அதுதான். பெட்டியில் வந்த நிரலை இந்த ஊர்ப் பெட்ரோலுக்கு ஏற்பத் திருத்தாமல் ஓட்டக்கூடாது.

அடுத்து, இன்ஜின் தனித்து ஓடுவதில்லை. வேகம் 100இலிருந்து 140 கிலோமீட்டராக உயர்ந்தால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஒவ்வொன்றுக்கும் தாங்கும் முறுக்குவிசைக்கு ஓர் எல்லை உண்டு. முன்பக்க எடை கூடினால் ஸ்டியரிங்கின் குணமே மாறும். மாயாபுரி இன்ஜின் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வண்டியில் இருந்தது என்பதற்குச் சான்று இல்லையென்றால், சேமித்த பணம் பிறகு பழுதிலோ காவல் நிலையத்திலோ செலவாகக்கூடும். இன்ஜினை மட்டும் மாற்றினால் போதாது என்பது தில்லிக்குப் புதிய பாடமும் அல்ல. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நகரப் பேருந்துகளை சி.என்.ஜி.க்கு மாற்ற உத்தரவிட்டபோது, பழைய டீசல் பேருந்துகள் சிலவற்றையும் மாற்றியமைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சில சி.என்.ஜி. பேருந்துகள் தீப்பற்றின. குழாய், வால்வு, பொருத்திய தரம், முறையான பரிசோதனை எல்லாம் சேர்ந்ததே மாற்றம் என்பது அப்போது தெளிவானது.

மூன்றாவது, சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. கொள்ளளவு கூடிய இன்ஜின் இந்தத் தடையில் நேராகச் சிக்கும். அனுமதியற்ற மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இன்ஜின் புதிது என்பதால் தில்லியில் காரின் ஆயுளும் நீளாது. டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற வரம்பை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் நடவடிக்கைகளில் தளர்வு வந்தாலும், வயது காரின் பதிவுத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

அதே 52ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: அனுமதி பெற்ற கிட் மூலம் சி.என்.ஜி.க்கோ மின்சாரத்துக்கோ மாற்றலாம். 10 ஆண்டு கடந்த டீசல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தில்லி அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. மின் மோட்டார் வேகத்துக்குக் குறைந்ததும் அல்ல. 2021இல் ஃபோர்டு பெட்டியில் விற்ற எலுமினேட்டர் மோட்டார் சுமார் 93 கிலோ எடையில் 281 குதிரைத்திறனும் 430 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் தனியாக வாங்க வேண்டும், செலவு அங்கேதான். இந்திய அனுமதியும் குறிப்பிட்ட கார் மாதிரிக்குக் குறிப்பிட்ட கிட் என்ற அளவில்தான் கிடைக்கிறது. பெட்ரோல் இன்ஜினின் ஓசையும் துடிப்பும் இதில் வராது என்ற குறையும் நியாயமானதே. அதை விரும்புகிறவர்கள் பந்தயத்துக்கென்றே கார் கட்டி, டிரெய்லரில் ஏற்றி, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத் தளத்தில் ஓட்டலாம். சாலையில் ஓட்ட வேண்டிய காருக்கு வரிசை வேறு: முதலில் ஆர்.டி.ஓ.விடம் எழுத்துபூர்வ அனுமதி, பிறகு பிரேக், பிறகு ரேடியேட்டர், அதன் பிறகே இன்ஜின்.