மின்சாரம் போனால் கோப்பு ஏன் காலியாகிறது? கணினிக்குள் நடந்த ஒரு திருத்தம்

கோலசிலாங்கூர் - தோட்டத்துக் கோயிலின் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், எந்த லயத்து வீட்டில் யார் எத்தனை ஆண்டு குடியிருந்தார் என்ற விவரம். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் இவற்றில் பலவும் இன்று நோட்டுப் புத்தகத்தில் இல்லை. செயலாளரின் கணினியில்தான் இருக்கின்றன. தோட்டம் கைமாறி, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகு, வீட்டுரிமை கேட்கும்போது அந்தப் பட்டியல்தான் சாட்சி.

அப்படியொரு கோப்பைச் சேமித்த சில நொடிகளில் மின்சாரம் போகிறது. மீண்டும் திறந்தால் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அளவு 0 பைட். கடைசியாகச் சேர்த்த வரி போனால் பரவாயில்லை. பழைய கணக்கும் சேர்ந்து ஏன் போகிறது?

ஒரு கிராணியை நினைத்துக்கொள்வோம். பேரேட்டில் பழைய பக்கத்தை அழித்துவிட்டு, புதிய கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கிறார். சாயங்காலம் மொத்தமாகப் பேரேட்டில் ஏற்றுவது அவர் வழக்கம். இடையில் மழை பெய்து சீட்டு கரைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கணினியிலும் இதுவே நடக்கிறது. பல மென்பொருள்கள் சேமிக்கும்போது முதலில் பழைய கோப்பின் நீளத்தைச் சுழியமாக்குகின்றன. இதை 'ட்ரங்கேட்' என்பார்கள். நாம் 'வெட்டுதல்' என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகே புதியதை எழுதுகின்றன. ஆனால் எழுதியது உடனே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவான 'கெர்னல்' அதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு மொத்தமாக வட்டில் ஏற்றுகிறது. வேகத்துக்காக அந்த ஏற்பாடு.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இது 2009-ல் பெரிய விவாதமானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இயங்குவதும் லினக்ஸ் கெர்னலில்தான். 2008 டிசம்பரில் வெளிவந்த 2.6.28 பதிப்பில், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய எக்ஸ்ட்3 பொதுவாக ஐந்து நொடிக்கு ஒருமுறை வட்டில் ஏற்றிவிடும். எக்ஸ்ட்4 புதிய தரவுக்கு இடம் ஒதுக்குவதையே அரை நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போட்டது. வெட்டியது மட்டும் முன்னதாகவே வட்டில் பதிவாகிவிடும். அந்த இடைவெளியில் கணினி நின்றுபோனவர்களுக்கு வெற்றுக் கோப்புகளே மிஞ்சின.

எக்ஸ்ட்4-ஐ வழிநடத்திய தியோடர் சோ, தவறு மென்பொருள் எழுதுபவர்கள் பக்கம் என்று விளக்கினார். புதியதை வேறொரு பெயரில் எழுதி, அது வட்டில் ஏறியதை உறுதிசெய்த பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஆனாலும் அத்தனை மென்பொருளும் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. எனவே 2009 ஜூனில் வந்த 2.6.30 பதிப்பில், சுழியமாக வெட்டப்பட்ட கோப்பு மூடப்பட்டதும் அதன் புதிய தரவை உடனே வட்டுக்கு அனுப்பத் தொடங்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஆபத்து முற்றாக நீங்கவில்லை. இடைவெளி வெகுவாகக் குறைந்தது.

வெட்டும் வேலையிலேயே இன்னொரு பழைய குறையும் இருந்தது. கெர்னலின் பொதுப் பகுதி முதலில் கோப்பின் அளவை மாற்றிவிட்டு, அதன்பிறகே வட்டில் இடத்தை விடுவிக்கும்படி கோப்பு முறைமையிடம் சொல்லும். அங்கே தடங்கல் வந்தால் "முடியவில்லை" என்று திருப்பிச் சொல்லக் கோப்பு முறைமைக்கு வழியே இல்லை. அதாவது கிராணி கணக்கை மாற்றி எழுதியாயிற்று. வேலை நடக்கவில்லை என்று சொல்ல வந்தவர் வாயைத் திறக்க முடியாது.

நிக் பிகின் என்ற நிரலாளர் இந்த வரிசையை மாற்றி அமைத்தார். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற பொறுப்பு கோப்பு முறைமையிடமே தரப்பட்டது. முதலில் சரிபார்க்கலாம், பிழை வந்தால் தெரிவிக்கலாம். 2010 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.35 பதிப்பில் இது இடம்பெற்றது. கோப்பு முறைமைகள் ஒவ்வொன்றாக மாறின. பழைய முறையின் மையமான செயற்கூறு 2013-ல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது.

நம் வீட்டுக் கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ். அதன் உட்கரு வேறு. ஆனால் சேமித்தது வட்டில் ஏறச் சற்று நேரமாகலாம் என்பது அங்கும் உண்மைதான். ஆகவே பொறுப்பில் இருப்பவர்கள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

முக்கியக் கோப்பைத் திருத்தும்முன் தேதியிட்டு வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். சேமித்த உடனே சுவிட்சை அணைக்காதீர்கள், முறைப்படி மூடுங்கள். பென்டிரைவைப் பிடுங்காமல், கணினியில் விடுவிக்கும் கட்டளை கொடுத்த பிறகு எடுங்கள். இன்னொரு நகல் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். கோப்பு வெறுமையாகிவிட்டால் அந்தக் கணினியில் புதிதாக எதையும் எழுதாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய தரவு வட்டில் இன்னும் அழியாமல் இருக்கக்கூடும்.

கெர்னலைத் திருத்த நிரலாளர்கள் இருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பெயர்ப் பட்டியலுக்கு நகல் எடுத்து வைப்பது நம் வேலை.